பூஜைக்குக் கழுவிய குழாய்

அந்தக் கம்பியில கைய வெக்காதீங்க தம்பி. துரு. வெள்ளச் சட்டையில பட்டுச்சுன்னா போவாது. எலுமிச்சம்பழம் வெச்சுத் தேச்சாலும் மஞ்சளா ஒரு கறை நிக்கும். இப்படிச் சாஞ்சு ஒக்காருங்க, நான் வேணா கொஞ்சம் தள்ளிக்கறேன்.

பஸ்ஸப் பாருங்க. புதுசா விட்டப்ப மந்திரி கொடியசைச்சாரு, பேப்பர்ல போட்டோ வந்துச்சு. அதுக்குள்ள இந்தக் கதி. வருஷத்துக்கு ஒரு தடவ தொடச்சு ஒரு கை பெயின்ட் அடிச்சா என்னா கொறஞ்சு போயிடும்? எவன் அடிக்கிறான். இதையெல்லாம் பாத்தா எனக்கு ஆவ மாட்டேங்குது. எண்ணெய்க் கம்பெனியில முப்பது வருஷத்துக்கு மேல இருந்தவன் நான். என் பொறுப்புல இருந்த குழாய்ல ஒரு பொட்டு துரு காட்டச் சொல்லுங்க பாப்போம்.

திருச்சிக்கா? நானும் திருச்சிக்குத்தான். பொண்ணுக்கு வளைகாப்பு. சம்பந்தி வீட்ல. என் சம்சாரம் நேத்தே போயிட்டா. அது பொம்பளைங்க விசேஷம், நான் போயி என்னா வளையலா போட்டுவிடப் போறேன்? ஆனா வளையல் போட்டு முடிச்சதும் பொண்ண நம்ம வீட்டுக்கு அழைச்சுக்கிட்டு வரணும்ல. தலைப்பிரசவம். அதுக்குத்தான் போறேன். அவ வர மாட்டேங்கறா தம்பி. புருஷனுக்கு அஸ்ஸாமுக்கு மாத்தல். அவருகூடப் போயி அங்கேயே பெத்துக்கறாளாம். பாஷை தெரியாத ஊர்ல, மழையும் குளிருமா இருக்கற ஊர்ல, தாயில்லாத பொண்ணு மாதிரி போயிப் பெத்துக்கறாளாம். ஒரே பொண்ணு தம்பி. எனக்குத் தூக்கமே இல்ல, பாருங்க கண்ண.

நான் ஒண்ணு முடிவு பண்ணியிருக்கேன். மாப்பிள்ளைகிட்ட நேராப் போயி, ‘நடந்தது நடந்துபோச்சு, ஒங்கள நான் மன்னிச்சுட்டேன், பொண்ண அனுப்புங்க’ன்னு சொல்லிடப் போறேன். பெரியவன் நான்தான் எறங்கி வரணும். சரிதானே?

என் பேரு காயாரோகணம். நாகப்பட்டினத்துச் சாமி பேரு. எங்க ஊர்க்காரங்களத் தவிர யாரும் ஒரே தடவையில சொல்ல மாட்டாங்க. வடக்கத்தி ஆபீசருங்க ‘காயா, காயா’ம்பாங்க. காயாவே இருந்து ரிட்டையர் ஆயிட்டேன்.

வேலை ஃபயர் செக்‌ஷன். ஃபோர்மேன். கடற்கரையில பெரிய பெரிய எண்ணெய் டாங்கு பாத்திருப்பீங்க. தீ புடிச்சா அணைக்கறதுக்குன்னு சுத்திவர தண்ணிக் குழாய் ஓடும், சிவப்புப் பெயின்ட் அடிச்சு. ஹைட்ரன்ட் குழாயும்பாங்க. அது என் ராஜ்ஜியம். பம்பு ஹவுஸ் சாவி என் இடுப்புல. அந்தக் குழாயில எப்பவும் நல்ல தண்ணி நிக்கணும், தொட்டியில ரொப்பி வெச்ச தண்ணி. நெசமா பெருந்தீ புடிச்சு தொட்டி காலியானாத்தான் கடல் பம்ப ஓட்டணும். அது சட்டம். சட்டம் எழுதினவன் புரட்டாசி மாசத்துல எங்க ஊருக்கு வந்து பாத்திருக்க மாட்டான். போர் கெணத்துல காத்துதான் வரும். குடிக்கறதுக்கே லாரித் தண்ணி.

புரட்டாசியில எங்களுக்கு ஆயுத பூஜை. மத்த எடத்துல மெஷினுக்குப் பொட்டு வெச்சு, பொரி சுண்டல் குடுத்து முடிச்சிடுவாங்க. எங்ககிட்ட அப்படியில்ல. மெக்கானிக்கல், எலக்ட்ரிகல், ஃபயருன்னு ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் போட்டி. முந்தின நாளு எல்லாம் கழுவணும். டாங்கு, குழாய், வால்வு, படிக்கட்டு எல்லாம். கழுவறது யாரு? நான். அந்த ரப்பர் ஓஸ எடுத்து தண்ணியடிக்க நான் நின்னேன்னா மேனேஜரே வெளியில வந்து வேடிக்கை பாப்பாரு.

தொட்டித் தண்ணிய வெச்சு அவ்ளோ பெரிய எடத்தக் கழுவ முடியுமா? நீங்களே சொல்லுங்க. நல்ல தண்ணிய அப்படி அடிச்சுத் தீத்துட்டு, மறுநாளு தீ புடிச்சா என்னா பண்றது? அதனால நான் கடல் பம்ப ஓட்டிடுவேன். தம்பி, அந்த வேகம் இருக்கே! ஒரு ஆளு ஓஸப் புடிக்க முடியாது. நான் முன்னாடி, சம்மனசு பின்னாடி. சம்மனசுன்னா என் சிநேகிதன், வால்வு ஆப்பரேட்டர், வேளாங்கண்ணிப் பக்கம். அவனே கேப்பான், ‘என்னாப்பா, ஒன் தண்ணிக்கு மட்டும் இவ்ளோ வேகம்?’னு. கைராசிடான்னு சொல்லிடுவேன். யாருகிட்டயும் சொன்னதில்ல. சொன்னா அந்த சேஃப்டிக்காரன் ஒருத்தன் வந்து நிப்பான், அந்தச் சட்டம் இந்தச் சட்டம்னு. என்னாத்துக்கு வம்பு?

உப்பா? ஆமா, உப்புத் தண்ணிதான். கடல் தண்ணி பின்ன இனிக்குமா?

அதுலயும் நான் விவரமானவன் தம்பி. கடல் தண்ணிய அப்படியே உட்டா இரும்ப அரிச்சுடும்னு தெரியாதா எனக்கு? கழுவி முடிச்சதும் நல்ல தண்ணிய உட்டு, என் குழாய் பூரா அலசி எடுத்துடுவேன். சிவப்புக் குழாய். ஒரு சொட்டு உப்பு உள்ள நிக்காது. அதான் சொன்னேனே, என் பொறுப்புல ஒரு பொட்டு துரு கெடையாதுன்னு. மத்த குழாய் மேல மறுநாளு லேசா வெள்ளை பூத்திருக்கும். மண்ணெண்ணெய் தொட்டுத் தொடச்சா போச்சு. பளபளன்னு ஆயிடும். அதுக்கு மேல சந்தனம், குங்குமம், மாலை. கல்யாணப் பொண்ணு மாதிரி நிக்கும்.

வருஷா வருஷம் ஃபயர் செக்‌ஷனுக்குத்தான் பாராட்டு. பூஜைக்குப் போடற பந்தலுக்கு நேரா ஒரு பெரிய குழாய் போவும். கப்பல் வந்து நிக்கற ஜெட்டிக்கும் டாங்குக்கும் நடுவுல ஓடற குழாய். எங்க எண்ணெய் மெழுகு மாதிரி, ஆறிச்சுன்னா உறைஞ்சு போயிடும். அதனால அந்தக் குழாய எப்பவும் சூடா வெச்சிருப்பாங்க. சூடு போவாம இருக்க மேல பஞ்சு சுத்தி, பஞ்சுக்கு மேல அலுமினியத் தகரம் போட்டு மூடியிருக்கும். பூஜைக்கு வர்றவங்க கண்ணுல மொதல்ல படறது அந்தத் தகரம்தான். அதனால அதுக்கு மட்டும் நான் ரெண்டு மடங்கு தண்ணி அடிப்பேன். தகரத்து இணைப்புல கூட அழுக்கு இருக்கக் கூடாது எனக்கு. ஓஸ இடுக்குக்குள்ள காட்டி அடிப்பேன்.

சரி, விஷயத்துக்கு வர்றேன். என் பொண்ணு நீலாவ நாங்க திருச்சியில குடுத்தோம். மாப்பிள்ளை திருநாவு, எங்க கம்பெனியிலயே இன்ஜினியர். குழாய் எங்க தேஞ்சிருக்கு, எங்க அரிச்சிருக்குன்னு பாக்கறதுதான் அவர் வேலை. கையில ஒரு சின்ன மெஷின் வெச்சிருப்பாரு. குழாய் மேல வெச்சா இரும்பு எவ்ளோ கனம் இருக்குன்னு சொல்லிடும். டாக்டர் நெஞ்சுல குழாய் வெச்சுப் பாக்கற மாதிரி. கல்யாணத்துக்கு அப்பறம் எங்க ஊருக்கே மாத்தலாயி வந்தாரு. எனக்குத் தல கால் புரியல. பொண்ணும் கிட்ட, மாப்பிள்ளையும் ஆபீசர். கேட்ல நான் சல்யூட் அடிப்பேன் வேணும்னே. ‘ஐயோ மாமா’ன்னு ஓடி வந்து கையப் புடிச்சுக்குவாரு. நல்ல புள்ளதான். இல்லேங்கல.

வந்த வருஷமே அந்த ஜெட்டிக் குழாயப் பாக்கணும்னாரு. தகரத்தப் பிரிச்சு, பஞ்ச எடுத்து, இரும்பப் பாக்கணும். மேனேஜர் ஒத்துக்கல, கப்பல் வரிசையா நிக்குது, குழாய் பூரா பிரிக்க முடியாதுன்னுட்டாரு. கடைசியில நாலஞ்சு எடத்துல மட்டும் பிரிச்சுப் பாத்துக்கன்னு ஆச்சு. எந்த எடத்துலன்னு மாப்பிள்ளை எங்கிட்ட வந்து கேட்டாரு. ‘மாமா, ஒங்களுக்குத்தான் இந்த எடம் அத்துப்படி. எங்க தண்ணி எறங்கும், எங்க பிரிக்கலாம்?’னு கேட்டாரு. பெரியவங்கள மதிச்சுக் கேக்கறாரேன்னு சந்தோஷமாப் போச்சு. கூடவே நடந்துபோயி நானே காட்டினேன். டாங்குக்குப் பின்னாடி ரெண்டு எடம், கூரைக்குக் கீழ ஒண்ணு, இப்படி.

பந்தலுக்கு நேரா இருக்கற துண்டையும் பிரிக்கலாமான்னு கேட்டாரு. நான்தான், ‘அது வேணாம் மாப்பிள்ளை, பூஜை வருது, பிரிச்சா அசிங்கமாயிடும், அது நல்லாத்தான் இருக்கு’ன்னேன். சரின்னு விட்டுட்டாரு.

இப்ப யோசிச்சுப் பாருங்க. நான் வேணாம்னு சொன்னா விட்டுடறதா? படிச்சவரு யாரு, நானா அவரா? பொறுப்பு யாருது? நான் ஃபயர் செக்‌ஷன். மாமனார் சொன்னாருன்னு வேலைய விடலாமா ஒரு மனுஷன்? இதத்தான் தம்பி நான் அன்னையிலேருந்து கேட்டுக்கிட்டிருக்கேன், யாரும் பதில் சொல்ல மாட்டேங்கறாங்க.

பிரிச்ச எடமெல்லாம் இரும்பு நல்லா இருந்துச்சு. குழாய் ஓக்கேன்னு கையெழுத்துப் போட்டாரு. அந்த வருஷம் பூஜை மாதிரி ஒரு பூஜை நடந்ததில்ல. மாப்பிள்ளை பாக்கறாருன்னு நான் கொஞ்சம் கூடவே அடிச்சேன் தண்ணி. நீலா பட்டுப்பொடவ கட்டிக்கிட்டு வந்திருந்தா. ‘எங்க அப்பா, பாருங்க’ன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்ட காட்டினா. எனக்குக் காது கேக்கற தூரத்துலதான் நின்னா.

அப்பறம் ஐப்பசி, கார்த்திகை மழை. மழை ஓஞ்சு ஒருநாள் காலம்பற. சம்மனசு ரவுண்ட்ஸ் போறான். அந்தப் பந்தல் எடத்துல தகரத்துக்கு அடியில எண்ணெய் லேசாக் கசியறதப் பாத்திருக்கான். ஆளைக் கூப்புட வேண்டியதுதானே? பழக்கதோஷம். என்னான்னு பாப்போம்னு தகரத்த நெம்பியிருக்கான். உள்ள இரும்பே இல்ல தம்பி. அப்பளம். கை பட்டதும் பிச்சுக்கிட்டு சூடு எண்ணெய் பீச்சி அடிச்சு, அவன் வலது கை, தோளு, கழுத்து எல்லாம். நான் பம்பு ஹவுஸ்லேருந்து அவன் கத்தினதக் கேட்டேன். ஓடிப் போயித் தூக்கினது நான்தான். அந்தச் சத்தம் இன்னும் போவல காதவிட்டு.

பொழச்சுட்டான். ஆனா விரலெல்லாம் ஒட்டிக்கிச்சு. சோறு அள்ள முடியாது. அவன் சம்சாரம் லூர்துதான் ஊட்டி விடறா.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் மாப்பிள்ளையும் நீலாவும் வீட்டுக்கு வந்தாங்க. மாப்பிள்ளை மூஞ்சி மூஞ்சியாவே இல்ல. நாலு நாளாத் தூங்கலேன்னா நீலா. வேம்பு, என் சம்சாரம், காப்பி போட்டுக் குடுத்தா. கையில டம்ளர வெச்சுக்கிட்டே கேக்கறாரு, ‘மாமா, அந்தப் பஞ்சுக்குள்ள கட்டி கட்டியா உப்பு இருக்கு. கடல் காத்துன்னு பாத்தா அவ்ளோ உப்பு சேராது. ஹைட்ரன்ட் குழாயில நல்ல தண்ணிதானே?’

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. இவ்ளோ படிச்ச புள்ளைக்கு இது தெரியல பாருங்க. மாப்பிள்ளைதானே, வெளியாளான்னு நெனச்சு, ‘நல்ல தண்ணிக்கு எங்க மாப்பிள்ளை போறது? பூஜைக்கு நான் கடல் பம்பத்தான் ஓட்டுவேன்’னேன். எப்பலேருந்துன்னு கேட்டாரு. ‘நான் ஃபோர்மேன் ஆனதுலேருந்து’ன்னேன். கழுவிட்டு என் குழாய நல்ல தண்ணி உட்டு அலசறதையும் சொன்னேன், நம்மள விவரம் தெரியாதவன்னு நெனச்சுடக் கூடாதுல்ல.

அவரு டம்ளரக் கீழ வெச்சுட்டாரு. ஒரு வாய் குடிக்கல தம்பி. மாமியார் போட்டுக் குடுத்த காப்பி. ‘சூடு, ஈரம், உப்பு மூணும் சேந்தா இரும்பு தாங்காது மாமா, மேல தகரம் பளபளன்னுதான் இருக்கும்’னாரு. அப்பறம், ‘இத வெளியில யாருகிட்டயும் சொல்லாதீங்க மாமா, ரிட்டையர் ஆவப் போறீங்க’ன்னாரு. எனக்குப் புத்தி சொல்றாரு! நான் எத்தன வருஷமா சொல்லாம இருக்கேன், எனக்குத் தெரியாதா? காப்பி ஆறிப்போச்சு. எந்திரிச்சுப் போயிட்டாங்க. நீலா போவும்போது எம் மூஞ்சியப் பாக்கல. கதவுகிட்ட நின்னு எல்லாத்தையும் கேட்டுக்கிட்டிருந்தா.

விசாரணைக்குத் தலைமை ஆபீஸ்லேருந்து ஆளுங்க வந்தாங்க. என்னையும் கூப்புட்டாங்க. ஹைட்ரன்ட் குழாயில என்னா தண்ணி நிக்குதுன்னு கேட்டாங்க. ‘நல்ல தண்ணி நிக்கணுங்கறது விதி சார்’னேன். பொய்யா தம்பி? விதி அதானே? கழுவறதப் பத்தி அவங்க கேக்கவே இல்ல. கேட்டாத்தானே சொல்ல முடியும்?

மாப்பிள்ளையக் கேட்டாங்க, உப்பு எங்கேருந்து வந்துச்சுன்னு. பக்கத்து நாற்காலியில நான் ஒக்காந்திருக்கேன். அவரு எம் பக்கம் ஒரு தடவ திரும்பினாரு. நான் மேல ஃபேன் ஓடாம நின்னுச்சு, அதப் பாத்துக்கிட்டிருந்தேன். அவரு சொல்றாரு, ‘கடல் காத்து சார். நான் அந்த எடத்தப் பிரிச்சுப் பாத்திருக்கணும். பாக்கல. தப்பு எம்மேலதான்.’

கேட்டீங்களா? அவரே ஒத்துக்கிட்டாரு. நான் சொல்லல, மேனேஜர் சொல்லல. அவரு வாயால அவரே சொன்னாரு. அதுக்கு மேல என்னா இருக்கு?

ஆனா மனுஷன் அதோட நிக்கல. அடுத்த பூஜைக்கு முன்னாடி நோட்டீஸ் போடறாரு, ஹைட்ரன்ட் தண்ணியில எதையும் கழுவக் கூடாதுன்னு. அது எனக்குக் கடைசி பூஜை. சர்வீஸ்ல கடைசி பூஜை. கீழ அவரு கையெழுத்து. வேற ஆளு போட்டிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன். ஈரத் துணிகூட வேணாம், காஞ்ச துணியால தொடச்சாப் போதும்னு உத்தரவு. எல்லாரும் ஆளுக்கொரு துணிய வெச்சுக்கிட்டு, கல்யாண வீட்ல எலை தொடைக்கற மாதிரி தொடைக்கறாங்க. மெக்கானிக்கல் பசங்க, ‘என்னா காயா, மாப்பிள்ளை குழாய அடைச்சுட்டாரா?’ன்னு சிரிக்கறானுங்க. எனக்கு அன்னிக்கு அழுகையே வந்துடுச்சு தம்பி. பம்பு ஹவுஸ்ல போயி ஒக்காந்து அழுதேன். அப்பறம் மாலை போட்டு, சால்வை போத்தி, ஜீப்புல வீடு வரைக்கும் கொண்டாந்து விட்டாங்க. எல்லாம் மரியாதையாத்தான் செஞ்சாங்க.

அவருக்கு அஸ்ஸாமுன்னு ஆர்டர் வந்துச்சு. பிரமோஷனும் நின்னுபோச்சாம். பாவம்தான். நான் என்னா பண்ண முடியும்?

நீலா பேசறத எப்ப நிறுத்தினான்னு கேளுங்க. அந்த நோட்டீஸ் விஷயத்துலயும் இல்ல, விசாரணையிலயும் இல்ல. சம்மனசு வீட்ல. வாரா வாரம் நான் அவனப் பாக்கப் போவேன், பழம் வாங்கிக்கிட்டு. எனக்கும் அவனுக்கும் அப்படிச் சிநேகிதம். அவன் புலம்புவான், ‘ஒன் மாப்பிள்ளை ஒழுங்காப் பாத்திருந்தா எனக்கு இந்தக் கதி வருமா?’ம்பான். விடுடாம்பேன். ஒருநாளு நான் உள்ள ஒக்காந்து டீ குடிச்சுக்கிட்டிருக்கேன், வாசல்ல மாப்பிள்ளையும் நீலாவும் வந்து நிக்கறாங்க. ஊர விட்டுப் போறதுக்கு முன்னாடி பாத்து ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு வந்திருக்காங்க. லூர்து குறுக்க நின்னுட்டா. ‘எம் புருஷன் கையக் கெடுத்தவன் எங்க வீட்டுப் படி ஏறக் கூடாது’ன்னா. சம்மனசு செவுத்துப் பக்கம் திரும்பிக்கிட்டான். மாப்பிள்ளை கும்புட்டாரு. ‘மன்னிச்சுக்குங்க அண்ணி’ன்னு சொல்லிட்டுத் திரும்பிட்டாரு. நீலா மட்டும் அங்கேயே நின்னா. மாசமா இருக்கா அப்ப, வெயில்ல நிக்கறா. லூர்துவப் பாக்கல, சம்மனசையும் பாக்கல, என்னையே பாத்துக்கிட்டு நிக்கறா.

நான் என்னா சொல்ல முடியும்? ஒரு பக்கம் சிநேகிதன், ஒரு பக்கம் மாப்பிள்ளை. நடுவுல பேசினா ரெண்டு பேருக்கும் பொல்லாப்பு. டீ கையில இருந்துச்சு, குடிச்சேன்.

அன்னையிலேருந்து அப்பான்னு ஒரு வார்த்த இல்ல. வேம்புதான் நடுவுல போன் பேசறா. நேத்தும் சொன்னா, ‘அவ மனசு எறங்கல, நீங்க வராதீங்க’ன்னு. வராம இருக்க முடியுமா? பெத்தவன். அதான் கெளம்பிட்டேன்.

கொஞ்சம் இருங்க, போன் அடிக்குது. வேம்புதான்.

சொல்லு வேம்பு. ஆமா, பஸ்லதான். தஞ்சாவூர் வரப்போவுது. என்னாது? நெசமாவா? அவளே பேசறாளா? குடு, குடு. நீலா! அம்மாடி, நல்லா இருக்கியாம்மா? வளையல் போட்டாங்களா? சொல்லும்மா. ம். ம். வர்றியா? இன்னிக்கேவா? நம்ம வீட்டுக்கா? அய்யோ சாமி. சொல்லு, என்னா செய்யணும் சொல்லு. ம். யாருக்கு? சம்மனசுக்கா? அவனுக்கு எதுக்கும்மா இப்ப. சரி. சரி. கேக்குது, கேக்குது. அவ்ளோதானே? சரிம்மா. வெச்சுடவா.

வர்றாளாம் தம்பி! பாத்தீங்களா, பெத்த பாசம் எங்க போவும். இன்னிக்கே எங்ககூடக் கெளம்பி வந்துடறாளாம். மாப்பிள்ளையும் சரின்னுட்டாராம். ஒண்ணே ஒண்ணு கேக்கறா. சம்மனசுகிட்ட ஒரு வார்த்த சொல்லணுமாம். போன்லயே சொன்னாப் போதுமாம். நான் திருச்சி போறதுக்குள்ள சொல்லிட்டு வந்துடணுமாம்.

மன்னிப்பெல்லாம் கேக்கச் சொல்லல. தப்புன்னுகூடச் சொல்ல வேணாமாம். ‘பூஜைக்கு நாம அடிச்சது கடல் தண்ணி’ன்னு சொல்லணுமாம். அத மட்டும் சொன்னாப் போதும், மிச்சம் அவருக்கே புரிஞ்சிடும்கறா. இனிமே சொன்னா ஒங்கள யாரும் ஒண்ணும் பண்ண மாட்டாங்கப்பா, நீங்கதான் ரிட்டையர் ஆயிட்டீங்களேங்கறா. எம் புருஷன அந்த மனுஷன் திட்டிக்கிட்டே சாவக் கூடாதுன்னு சொல்றப்ப அழுதுட்டா.

இதுக்கா இவ்ளோ ஆர்ப்பாட்டம்? கடல் தண்ணிய கடல் தண்ணின்னு சொல்றதுல என்னா இருக்கு? இப்பவே சொல்லிடறேன். இதோ, சம்மனசு. ரிங் போவுது.

அலோ. சம்மனசா? நான்தாண்டா. லூர்து போனப் புடிச்சுக்கிட்டிருக்கா? சரி, சரி. என்னா பண்றே? கஞ்சி குடிச்சியா? பஸ்ல போறேன், திருச்சிக்கு, நீலா வளைகாப்புக்கு. ஆமா. இல்லடா, ஒரு விஷயம். அது வந்து, நம்ம பூஜைக்குக் கழுவுவோம்ல. நீ பின்னாடி புடிச்சுக்குவ. ஆமாடா, அந்த வேகம். ஆமா, கைராசி. அதான். அதச் சொல்லலாம்னுதான். ஒண்ணுமில்ல, சும்மா ஞாபகம் வந்துச்சு. கை எப்படிடா இருக்கு? எரிச்சல் இருக்கா? சரி, வெச்சுடு. வர்ற வாரம் வர்றேன்.

சத்தமா இருக்கு தம்பி பஸ்ல. சரியாக் கேக்கல அவனுக்கு.

இது தஞ்சாவூர்தானே? இல்ல, டிக்கெட் திருச்சிக்குத்தான் எடுத்தேன். இருக்கட்டும். கொஞ்சம் கால நவுத்துங்க தம்பி, நான் இங்கேயே எறங்கிக்கறேன்.